கோப்பையில் ஒரு கறை
கண்ணாடி அலமாரி முன்னால் உட்கார்ந்து கோப்பைகளைத் துடைக்கிறார் பழைய கேப்டன். ஹாக்கி, கால்பந்து, ஓட்டம் மூன்றிலும் கல்லூரிக்குப் பேர் வாங்கித் தந்தவர். அந்நாள் மாணவர் தலைவர். இன்று முன்னாள் மாணவர் சங்கத்துக்கே தூண் என்கிறார்கள். சனிக்கிழமை தவறுவதில்லை. கோப்பைகளை வேறு யாரையும் தொடவிடுவதுமில்லை. சங்கத்தின் புதுச் செயலாளர் கதவோரம் நின்று பார்க்கிறாள். சாய்வெயிலில் ஒவ்வொரு கோப்பையிலும் அவர் பெயர் நேற்று வெட்டியதுபோல் இருக்கிறது. அதற்குக் கீழே, துணைக் கேப்டன் பெயர் இருக்கவேண்டிய இடம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது. "குடுங்க சார், நான் துடைக்கிறேன்." "வேணாம்மா, உனக்குப் பழக்கமில்ல," என்கிறார் திரும்பாமலே. "இந்த ஒண்ணுலதான் கறை போகவே மாட்டேங்குது." துணி விலகும்போது தெரிகிறது: துணைக் கேப்டன் பெயரில் இன்னும் இரண்டு எழுத்து பாக்கி.