ரென்ஜிக்கு அறுபது வயது

“செத்துப் போனவளுக்கு இவ்வளவு வாய் ஆகாது. பேசாம சுவத்துல போய்த் தொங்கு!” என்றான் ரென்ஜி.

“கதையிலதான்டா செத்தேன். டைரக்டர் உயிரோடதான் இருக்கேன். தலையைக் குனி, விக் வைக்கணும்” என்றாள் கொஹாரு.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஷின்கோ வீட்டுப் பெரிய அறையில், சுவரில் கொஹாருவின் புகைப்படம் கறுப்பு ரிப்பனோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா மட்டும் பார்த்திருந்தால் அன்றோடு சினிமாவுக்கு முழுக்குப் போட வைத்திருப்பாள்.

பள்ளி விழாவுக்காக மூன்று பேரும் சேர்ந்து எடுக்கும் படம் அது. கொஹாரு நடிக்கும் கதாநாயகி தீராத நோய் வந்து பதினேழு வயதில் இறந்துபோகிறாள். அந்தக் காட்சியைப் போன வாரமே எடுத்தாகிவிட்டது. அவளைக் காதலித்த பையன் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளைகள் பார்த்து, அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடுகிறான். அந்தக் கடைசிக் காட்சிதான் பாக்கி.

அதையும் இன்றைக்கே எடுத்தாக வேண்டும். நாளைக் காலை ரயிலில் ரென்ஜி அம்மாவோடு செந்தாய் நகரத்துக்குப் போகிறான். இன்று தவறினால் படம் கொஹாருவின் சாவோடு முடிந்துவிடும். அப்படி முடிய அவள் விடுவதாக இல்லை.

ரென்ஜி மொட்டைத் தலையைக் குனிந்தான். பேஸ்பால் அணிப் பையன்களுக்கு மொட்டை ஒன்றும் புதிதல்ல. நரைத்த விக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவன் அம்மா தான் தைத்த சிவப்பு மேலங்கியை எடுத்து வந்தாள். அறுபது முடிந்தவர் புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் சமம் என்று, குழந்தைக்குப் போடும் சிவப்பைப் போட்டு நடுவில் உட்காரவைப்பது வழக்கம். தலைக்குச் சிவப்புத் தொப்பியும் உண்டு. மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் தைத்திருந்தாள்.

“தோள்ல பெருசா இருக்கும்மா.”

“அறுபது வயசுல உன் தோள் இன்னும் அகலமாயிருக்கும்டா” என்றாள் அவள், பட்டனைப் போட்டுவிட்டபடி.

கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஷின்கோ சிரித்தான். “அம்மா, உங்களுக்கு விஷயம் தெரியுமா? இவ முதல்ல எழுதின கதையில சாகுறது ரென்ஜிதான். திடீர்னு ஒருநாள் வந்து, ‘இல்ல, நான்தான் சாவேன்’னு ஒத்தக் கால்ல நின்னா. செத்தாதான் பேர் கிடைக்கும்னு ஆசை!”

“ஆமாம், பேர் வாங்கத்தான். நீ லென்ஸைத் துடை” என்றாள் கொஹாரு.

முதல் தடவை எடுத்தது படு கேவலம். ரென்ஜி கூன் போட்டு, கையை நடுக்கி, இருமிக் காட்டினான். பேத்திகளாக நடிக்க வந்த ஷின்கோவின் குட்டித் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நிறுத்து! அறுபதுக்கா இந்த ஆட்டம்? நம்ம ஹெட்மாஸ்டருக்கு அறுபதுதான். போன வாரம்கூட நம்மளோட ஓட்டப் பந்தயத்துல ஓடினார்” என்றாள் கொஹாரு.

“வயசானா வேற எப்படி இருப்பாங்களாம்?”

“நீ முடிஞ்சு போன ஆள் மாதிரி நடிக்கிறே. இவன் நல்லா சாப்பிட்டவன்டா. முப்பது வருஷம் பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கினவன். தொப்பை விழுந்தவன். நாளைக்கும் எழுந்து வேலைக்குப் போகப்போறவன்.”

சொல்லிக்கொண்டே ஒரு தலையணையை அவன் வயிற்றில் வைத்துக் கட்டினாள்.

“எனக்கு வரலேன்னா?” என்றான் ரென்ஜி. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

“வரும்” என்றாள் அவள், முடிச்சை இன்னும் இறுக்கி.

ஷின்கோ மறுபடி கேமராவை ஓடவிட்டான்.

ரென்ஜி சம்மணம் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். தொப்பைமேல் கை வைத்துக்கொண்டான். தட்டிலிருந்த சுட்ட மீனைப் பிட்டு வாயில் போட்டவன், சமையலறைப் பக்கம் திரும்பி, “உப்பு ஜாஸ்தி! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், யாரு காதுல விழுது?” என்று அலுத்துக்கொண்டான். இது வசனத்திலேயே இல்லை. தொப்பியை இழுத்த குட்டிப் பேத்தியை, “ஏய், தாத்தா ராஜாடி இன்னைக்கு!” என்று அதட்டி, மறுநொடியே மடியில் ஏற்றிக்கொண்டான். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைச் சுவரிலிருந்த புகைப்படத்தை நோக்கி உயர்த்தினான்.

“உன் பங்கையும் சேர்த்து வாழ்ந்துட்டேன், கொஹாரு. அதான் கொஞ்சம் குண்டாயிட்டேன்.”

கதையில் அவளுக்கு வேறு பெயர். ஆனாலும் கொஹாரு நிறுத்தச் சொல்லவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். இவ்வளவு கம்பீரமாகத் தொட்டவர் ஒருவர் உண்டா? இவன் என் ஆள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

“ஓகேவா இல்லையா? வாயைத் திறந்து சொல்லேன்!” என்றான் ஷின்கோ.

“ஓகே.”

ரென்ஜி விக்கைக்கூடக் கழற்றாமல் மிச்ச மீனைத் தின்ன ஆரம்பித்தான். குட்டிப் பெண்கள் அவன் தொப்பையைக் குத்தி விளையாடினார்கள். ஷின்கோ கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ரென்ஜியின் அம்மா கொஹாருவின் எதிரில் வந்து நின்றாள். கைகளை முன்னால் சேர்த்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு யாரும் அப்படி வணங்குவதில்லை.

“ஐயோ, என்னம்மா இது, எனக்குப் போய்…” கொஹாரு பதறிப்போனாள்.

அம்மா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தாலும் முகத்தில் பெருமை பொங்கியது.

“என்ன தோரணையா உட்கார்ந்திருந்தான் பாத்தியா என் பிள்ளை!” என்றாள், மகனுக்குக் கேட்காத குரலில். “செந்தாய் ஆஸ்பத்திரி டாக்டர் இவனுக்குப் பதினெட்டே வராதுன்னு சொல்லிட்டார். நீ இவனை எனக்கு அறுபது வயசுல காட்டிட்டியேம்மா.”