பக்கத்துக் கட்டிலின் மொழி

கடவுள் முதல் மனிதனோடு பேசியது நம் வேதத்தின் மொழியில்தான் என்று அப்பா முப்பது வருடம் பிரசங்கம் செய்தார். பக்கவாதம் வந்தபின் எந்த மொழியும் அவர் நாக்கில் நிற்கவில்லை. ஏதோ ஒலிகள் மட்டும் வந்தன.

"வெறும் சத்தம்தாம்மா. அர்த்தம் தேடாதீங்க," என்றார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டிலுக்கு வேறொரு மதத்தின் போதகர் வந்தார். அவருக்கும் அதே நோய்தான். தங்கள் மொழிதான் ஆதிமொழி என்று அவரும் சாதித்தவராம். அப்பா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் அதே ஒலிகளில் பதில் சொன்னார். மதியம் முழுக்க இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எலியும் பூனையுமா இருக்க வேண்டியவங்க. அப்படி என்னதான் பேசுறாங்களோ!" என்று போதகரின் மருமகள் சிரித்தாள். அவள் இடுப்பில் இன்னும் பேச்சு வராத குழந்தை இருந்தது. அது அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைக் கவனித்துக் கேட்டது.

காலையில் ஒருவர் இறந்து காலியான எதிர்க் கட்டிலைப் பார்த்தபடி போதகர் குழந்தையிடம் ஏதோ கேட்டார். குழந்தை வார்டில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டியது.

"உங்கள ரொம்பப் புடிச்சிருச்சு போல," என்றாள் மருமகள்.

அப்பா அசைக்க முடிந்த ஒரே கையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.