கடித்தது எந்த இனம்?

"காக்கா கொத்திட்டுக்கா."

"காக்காவுக்கு ஏதுலே பல்லு?"

"அப்பம் ஓணான்னு வச்சுக்கோ."

"ஓணானுக்கு எல்லாப் பல்லும் ஒண்ணு போல இருக்கும். இங்கன பாரு. முன்பல்லு தனியா, கோரைப்பல்லு தனியா பதிஞ்சிருக்கு. பாலூட்டி கடிச்சிருக்குலே. நாயா, பூனையா? சொல்லித் தொலை."

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. 1994. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சண்டை. இந்தப் பக்கம் கட்டிலில் நான்.

காக்கா என்று சொன்னது என் வீட்டுக்காரர் நடராஜ். விடாமல் கேட்டது அவர் அக்கா, கோமு மதினி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர்.

அப்போதெல்லாம் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். ஒன்றிரண்டோடு விடமாட்டார்கள். இவருக்கோ ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும்.

உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம். மனுஷன் சொல்லவில்லை. மதினி வாயில் விழுந்தால் கல்யாணம், காதுகுத்து என்று எல்லா விசேஷத்திலும் அதுதான் பேச்சாக இருக்கும்.

எழுந்து போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கத்திக் கத்தித் தொண்டையும் கட்டியிருந்தது.

"சிஸ்டர், நாய்க்கடி ஊசிக்கு ஏற்பாடு பண்ணுங்க. இவன் வாயத் தெறக்க மாட்டான்" என்றார் மதினி.

"சரிக்கா. நாயின்னே வச்சுக்கோ. போடச் சொல்லு" என்றார் இவர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்கள். காயத்தைப் பார்த்திருப்பார்கள் போல.

"டீச்சர் சொன்னது சரிதான். பாலூட்டிதான் கடிச்சிருக்கு. அந்தா, திரைக்கு அங்கன பாலூட்டிக்கிட்டு இருக்கு. தொப்புள் ஊசியெல்லாம் வேண்டாம், காயத்தைக் கழுவி டிடி ஊசி ஒண்ணு போட்டாப் போதும்."

முதலில் சிரித்தது மதினிதான். அவர் விட்ட பெருமூச்சு திரையைத் தாண்டி எனக்குக் கேட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு சீரானது. மகள் எதையும் கண்டுகொள்ளாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பிரசவத்துக்குக் காரில் வரும்போது வழியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். வலி பொறுக்க முடியவில்லை. வாய்க்கு எட்டியது அவர் கைதான்.

பிள்ளை பெற்றவர்களே, உங்களில் வேறு யாராவது இப்படிக் கடித்ததுண்டா, இல்லை நான் மட்டும்தானா? கூச்சப்படாமல் பதில் போடுங்கள்.