சுவரில் நின்ற இருட்டு

ஹெப்பகோடி பட்டறையில் தாரணி அந்தக் கார் ஹெட்லைட்டை மூன்றாம் முறையாகக் கழற்றிப் பூட்டினாள். எல்.இ.டி., அதை இயக்கும் டிரைவர் போர்டு இரண்டும் புதிது. ஆனாலும் சோதனைச் சுவரில் விழுந்த வெளிச்சத்தின் நடுவே அந்த இருட்டு அப்படியே நின்றது: இரட்டைச் சடை, முகத்தை மறைக்கத் தூக்கிய ஒரு கை.

"இன்னிக்கும் முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதம்மா" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

காரை எடுக்க அதன் சொந்தக்காரர் டிரேவர் தன் மகளோடு வந்தார். சுவரோரம் ஓடிய சிறுமி கண் கூசிக் கையைத் தூக்கினாள். அவள் நிழல், சடை நுனிவரை, அந்த இருட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. அவள் விலகியதும் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"அட, சரியாயிடுச்சே! என்னம்மா ப்ராப்ளம்?" என்றார் டிரேவர்.

தாரணி அருகில் நின்ற முதலாளியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லூஸ் கனெக்‌ஷன் சார். தாராளமா எடுத்துட்டுப் போங்க."