வசனம் வராத கேசட்

“டேய், இது படமா, மாவு மிஷினா? ஒரு வார்த்தை விளங்கல.”

ராயப்பன் அண்ணன் கத்தியதில் தப்பில்லை. டிவியில் ஹீரோ வாயைத் திறந்து திறந்து மூடினான். வந்தது வெறும் டிரம் சத்தம். பேச்சு எங்கேயோ கிணற்றுக்குள் கிடந்தது. சவுண்டைக் கூட்டினால் டிரம்தான் கூடியது.

“நான் இன்னாண்ணே பண்றது? கம்பெனிக்காரன் போட்ட கேசட்டே அப்படித்தான் கீது. தியேட்டர்ல நூறு நாள் ஓடின படம்னா, கேசட்டும் ஒழுங்கா இருக்கணும்னு சட்டமா?”

“வாயப் பாரு இவனுக்கு.”

பத்தாவது பரீட்சையில் கோட்டடித்து, வரதன் அண்ணாத்தே வீடியோ கடையில் சேர்ந்தவன் நான். டெக், டிவி வாடகைக்கு எடுக்கும் வீட்டில் கொண்டுபோய் மாட்டி, படம் முடிகிறவரை கூடவே இருப்பது என் வேலை. மழுப்பத் தெரியாது. அதனாலேயே பாதி வீட்டில் திட்டு வாங்குவேன்.

அன்றைக்கு ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். ராயப்பன் அண்ணன் மகனுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் பிரியாணி, அதற்கப்புறம் படம். பிளாக் முழுக்க அந்த ஒரு கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

“‘எங்கப்பனை அடிச்சது நீதானா’ன்னு கேக்குறான். ‘நான் இல்ல, ஆனா யாருன்னு தெரியும்’ங்கிறான் இவன்.”

சொன்னது எதிர்வீட்டு ஞானகுமாரி அக்கா. நல்ல சத்தமாக. அதுவும் டிவிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் இருந்த புருஷன் பாஸ்கல் அண்ணனைப் பார்த்துக்கொண்டு. டிரம் சத்தத்தை அடையாளம் வைத்தே, ஹீரோ வாயைத் திறப்பதற்குள் அக்கா வசனத்தை முடித்துவிடுவார்.

“ஏன்க்கா,” என்றார் சுசீலா அக்கா. “ஜெபமாலை சபைத் தலைவி நீங்க. சினிமா பாத்தா பாவம்னு எங்களுக்குப் புத்தி சொல்வீங்க. இங்க ஒரு வரி விடாம மனப்பாடமா?”

“தியேட்டர்ல நாலு வாட்டி பாத்தாங்களாம். தனியா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூடமே சிரித்தது. அக்காவின் முகம் சுருங்கியது. ஆனால் வாய் நிற்கவில்லை. “‘ஊருக்குப் போறேன், அம்மாவைப் பாத்துக்கோ’ங்கிறான்.”

எனக்கே பொறுக்கவில்லை. “யக்கா, படம் ஓட்றது நானா, நீங்களா? கொஞ்சம் சும்மா இருங்க.”

ராயப்பன் அண்ணன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “இவன்கிட்ட பேசிப் புண்ணியமில்ல. வரதனையே கேட்டுட்டு வரேன்.”

வாசல் ஓரம் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ராயப்பன் அண்ணன் அவர் தோளைத் தட்டி, “டமாரம், உனக்கு இன்னாப்பா கவலை? உனக்கு எல்லாமே ஊமைப்படம்தானே,” என்றுவிட்டுப் போனார்.

மறுபடியும் சிரிப்பு. ஃபேக்டரியில் இரும்படிக்கிற ஹேமர் ஷாப் சத்தத்தில் இருந்து இருந்தே கன்னியப்பனுக்குக் காது போய்விட்டது. தெரிந்ததும் கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஓவர்டைம் போச்சு. பெயரும் போச்சு, இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவர் டமாரம்தான்.

பாஸ்கல் அண்ணனும் சிரித்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

கொஞ்ச நேரத்தில் ராயப்பன் அண்ணன் திரும்பிவிட்டார். பரீட்சையில் பாஸான முகம்.

“டேய், வரதன் சொல்லிட்டான். டெக்குக்குப் பின்னால சவுண்டுக்கு ரெண்டு ஓட்டையாமே. இந்தக் கேசட்ல வெள்ளையில மியூசிக்கு, சிவப்புல பேச்சு. ஒண்ணா கலக்கத் தெரியாம ஆளுக்கொரு பக்கம் போட்டுக்கிறானுங்க. இந்த டிவிக்கு ஒரே வயரு, அதை நீ வெள்ளையில சொருகி வெச்சுக்கிற. புடுங்கி சிவப்புல சொருகு. வசனம் கணீர்னு வரும்.” அப்புறம் கீழே பார்த்தார். “ஞானகுமாரி, இனிமே நீ வாய மூடிக்கினு படம் பாரு.”

அக்கா வாயை மூடிக்கொண்டார்.

நான் டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். அங்கே இருந்து படம் தெரியாது. படம் பார்க்கிறவர்களின் மூஞ்சிதான் தெரியும்.

திரையில் காமெடியன் வழுக்கி விழுந்திருக்க வேண்டும். கூடம் கொல்லென்று சிரித்தது. பாஸ்கல் அண்ணன் கண் மட்டும் டிவியில் இல்லை. அது அக்காவின் உதட்டில் இருந்தது. உதடு அசையவில்லை. அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பாஸ்கல் அண்ணனும் ஹேமர் ஷாப்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சினிமாவே பிடிக்காத பொம்பளை நாலு வாட்டி தனியாகத் தியேட்டருக்குப் போனது எதற்கென்றும்.

“இன்னாடா, தூங்கிட்டியா?” என்றார் ராயப்பன் அண்ணன்.

வயரைப் பிடுங்கினேன். கூடம் அமைதியானது. நுனியை ஊதித் துடைத்துச் சொருகினேன். டிரம் மறுபடியும் முழங்கியது.

“மாத்தியாச்சுண்ணே. கேசட்டே மட்டம்.”

எழுந்து நின்றேன். “யக்கா, நீங்களே சத்தமா சொல்லுங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கல.”

அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் பாஸ்கல் அண்ணன் பக்கம் திரும்பி, “‘கை குடுத்துத் தூக்கு, பாத்துக்கினே நிக்கிறியே’ங்கிறான்,” என்றார்.

டெக்குக்குப் பின்னால், சிவப்பு ஓட்டை காலியாகவே இருந்தது.