கழற்ற மறந்த நம்பர் பிளேட்

அந்த ஊரில் ஆளுக்கு ஒரே நம்பர்தான். வண்டிக்கும் அதுதான், ஆளுக்கும் அதுதான். காரை விற்றபோது நம்பர் பிளேட்டைக் கழற்ற தில்லைநாயகி மறந்துவிட்டாள். வாங்கியவர் பிளேட்டோடு வண்டியை உடைக்கப் போட்டுவிட்டார். மறுநாள் மகளை அழைக்கப் போனபோது பள்ளிக்கூடக் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"நீங்க இறந்துட்டதா காட்டுதும்மா," என்றார் காவலாளி.

"உயிரோடதானே நிக்கிறேன் அண்ணே! பிள்ளைய விடுங்க."

"எனக்குத் தெரியுது. கதவுக்குத் தெரியலையே."

கண்ணாடிக்கு அப்பால் இனியா புத்தகப்பையோடு ஓடிவந்தாள். அதற்குள் அநாதைகள் காப்பகத்து வேன் வந்துவிட்டது. தில்லைநாயகி இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள்.

"அம்மா அங்க நிக்கிறாங்க," என்றாள் இனியா.

வேனில் வந்த ஆயா அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டாள்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தெரியும், கண்ணு."