இன்னும் இரண்டு தட்டு சால்மன்

பாங்காக்கின் லாட்பிராவ் சந்தில் புதிதாகத் திறந்த சுஷி கடை அது. மதியத்தில் ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒன்றேகால் மணி நேரம் கெடு. மிச்சம் வைத்தால் அபராதம்.

துக்தா உட்கார்ந்ததுமே பாவாடைக் கொக்கியைத் தளர்த்திக்கொண்டாள்.

“வெள்ளரிக்காய் ரோலை எதுக்குடி எடுத்த? அது வயித்த அடைச்சிரும். வெல கூடுன சால்மன் மீனா பாத்துத் தின்னு” என்று தங்கை புயியை அதட்டினாள்.

“முடியலக்கா. மூச்சு முட்டுது.”

“எந்திரிச்சு நாலு குதி குதி. எறங்கிரும்.”

புயி குதித்தாள். பதினெட்டாவது தட்டைக் கொண்டுவந்த பணிப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உங்க மொதலாளி எங்கம்மா? கண்ணுலயே படல?” என்று துக்தா கேட்டாள்.

“சம்சாரம், மூணு பசங்களோட வெளிய சாப்பிடப் போயிருக்காருக்கா.”

“சொந்தக் கடைய விட்டுட்டா?”

அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போது துக்தாவின் போன் அடித்தது. அதே சந்தின் எதிர்வரிசையில் அவள் பத்து வருடமாக நடத்திவரும் சுஷி கடையின் சமையல்காரர் பேசினார்.

“அக்கா, சீக்கிரம் வாங்க. எதிர்க்கடைக்காரர் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காரு. வெள்ளரிக்காய் ரோல் பக்கமே திரும்பல. சால்மன் தீரப்போகுது. பசங்க மூணு பேரும் நடுநடுவுல எந்திரிச்சுக் குதிக்கிறாங்க.”

பதறி எழுந்த புயியின் தோளைப் பிடித்து அமுக்கினாள் துக்தா.

“உக்காருடி. நமக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”